ரைடு-பை-வயர் பைக்கில் ஐடிலிங் சீராக நிற்கவில்லையா? ஸ்குரூவைத் தேடாமல் இந்த வரிசையில் பாருங்கள்

சிக்னலில் கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். ஆர்பிஎம் 1,500-இல் இருந்து 1,200-க்கு இறங்குகிறது, தானாக ஏறுகிறது, திரும்ப இறங்கிப் பொசுக்கென்று இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது. பின்னால் பஸ்காரர் ஹாரன் அடிக்கிறார். கார்புரேட்டர் வண்டியாக இருந்தால் தெருமுனை மெக்கானிக் ஒரு ஸ்குரூ டிரைவரை எடுத்து ஸ்லோ ஸ்குரூவைக் கால் சுற்றுத் திருப்பி அனுப்பிவிடுவார். ரைடு-பை-வயர் வண்டியில், அதாவது ஆக்சிலேட்டர் நேராகக் கேபிளில் இழுக்காமல் மின்சார சிக்னலாகப் போகும் வண்டியில், அந்த ஸ்குரூ கிடையாது. இன்ஜினுக்குக் காற்று போகும் த்ராட்டில் பாடியில் ஸ்குரூ மாதிரி ஒன்று தெரிந்தாலும் அது கம்பெனியில் பட்டர்ஃப்ளையின் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மூடும் எல்லையை அளந்து வைத்து, பெயின்ட் போட்டு விட்டது. அதைத் தொடவே தொடாதீர்கள், திருப்பிவிட்டால் பழைய இடத்துக்குக் கொண்டுவர உங்களிடம் அளவு இருக்காது.

கேடிஎம் 390 டியூக், டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450, ட்ரையம்ப் ஸ்பீடு 400 என்று நம் ஊர் ரோட்டில் இந்த வகை வண்டிகள் இப்போது நிறைய ஓடுகின்றன. பழைய கேபிள் மாடலாக இல்லாவிட்டால், இவற்றில் எது வைத்திருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும். சரியான ஆர்பிஎம், டார்க் அளவு, வால்வ் கிளியரன்ஸ் போன்ற எண்களை மட்டும் உங்கள் மாடலின் மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது

ஆக்சிலேட்டரை முறுக்கும்போது நீங்கள் பட்டர்ஃப்ளையைத் திறப்பதில்லை, ஒரு சென்சரைத்தான் திருப்புகிறீர்கள். அந்த சென்சருக்குள் இரண்டு தனித்தனி சிக்னல்கள் இருக்கும், ஒன்று பொய் சொன்னால் மற்றொன்று காட்டிக்கொடுக்க வேண்டும் என்பதற்காக. இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியு இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து, த்ராட்டில் பாடியில் உள்ள சின்ன மோட்டாரை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று முடிவு செய்கிறது. பட்டர்ஃப்ளை உண்மையில் எங்கே நிற்கிறது என்று சொல்ல அங்கேயும் இரண்டு சிக்னல்கள். மோட்டாருக்குக் கரன்ட் இல்லாதபோது ஸ்பிரிங் பட்டர்ஃப்ளையை முழுதாக மூடாமல் ஒரு சின்ன இடைவெளியில் நிறுத்தும். ஏதாவது கெட்டுப்போய் ஈசியு மோட்டாரைக் கைவிட்டால், வண்டி மெதுவாகவாவது ஓரம் வந்து சேர வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. 2006-இல் யமஹா ஆர்6-இல் இந்த முறை வந்தபோது கிரிப்பில் இருந்து கேபிள் ஓடி ஒரு சென்சரில் போய் முடிந்தது. இப்போதுள்ள பல வண்டிகளில் அந்தக் கேபிளும் இல்லை, கிரிப்பிலேயே சென்சர்.

பழைய எஃப்ஐ (ஃபியூவல் இன்ஜெக்‌ஷன்) வண்டிகளில் ஐடிலுக்கென்று, அதாவது ஆக்சிலேட்டரைத் தொடாதபோது இன்ஜின் தானாக ஓடுவதற்கென்று, தனியாக ஒரு ஏர் வால்வ் இருக்கும். இதில் அதுவும் கிடையாது. ஐடில் என்பது முழுக்க முழுக்க ஈசியு பட்டர்ஃப்ளையை நூலிழை அளவு திறந்தும் மூடியும், இக்னிஷன் டைமிங்கை முன்னும் பின்னும் நகர்த்தியும் பிடித்து நிறுத்துகிற ஒன்று. நீங்கள் மீட்டரில் பார்க்கிற ஆர்பிஎம் ஈசியு போராடி வாங்கிய முடிவு. உள்ளே ஒரு சின்னக் கோளாறு வந்தால் ஈசியு அதைச் சமாளித்துவிடும், ஆர்பிஎம் மாறவே மாறாது, பல மாதம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. சமாளிக்க முடியாத எல்லை வரும் அன்றுதான் திடீரென்று கெட்டது போல இருக்கும். அதனால் ஆர்பிஎம்மை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், ஆர்பிஎம்மைப் பிடிக்க ஈசியு எவ்வளவு மெனக்கெடுகிறது என்பதைப் பாருங்கள். கீழே வருகிற எல்லாமே அதற்காகத்தான்.

கோளாறு இல்லாதவற்றைக் கழித்துவிடுங்கள்

காலையில் குளிர்ந்த இன்ஜின் 1,800, 2,000 என்று கொஞ்ச நேரம் ஓடுவது இயல்பு. ஆக்சிலேட்டரை விட்டதும் ஆர்பிஎம் சட்டென்று விழாமல் நிதானமாக இறங்குவதும் பெரும்பாலும் புகைக் கட்டுப்பாட்டுக்காக ஈசியுவில் அப்படியே எழுதி வைத்ததுதான். ரேடியேட்டர் ஃபேன் ஓடத் தொடங்கும் நொடியில் ஒரு சின்ன அசைவு தெரிந்தால் அதையும் விட்டுவிடலாம். சூடான பிறகும் ஆர்பிஎம் ஊசலாடினால், மேலேயே தொங்கி நின்றால், ஆஃப் ஆனால், இல்லை இன்ஜின் லைட் எரிந்தால், வேலையைத் தொடங்குங்கள்.

அதற்கு முன் ஒரு பேப்பரில் எழுதுங்கள்: குளிர்ந்திருக்கும்போதா சூடான பிறகா, ஃபேன் ஓடும்போதா, வாஷ் செய்த மறுநாளா, பெட்ரோல் போட்டதில் இருந்தா, ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போதா. இதில் ஒன்றுக்கு ஆமாம் என்று பதில் வந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

படி 1: கிரிப்

காசு செலவில்லாத சோதனை, ஆனாலும் பலர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கிரிப் முழுதாக மூடியிருக்கிறது என்று சென்சர் சொன்னால்தான் ஈசியு ஐடில் கட்டுப்பாட்டுக்குள் நுழையும். ஹேண்ட் கார்டு போட்டிருக்கிறீர்களா, பார் எண்ட் வெயிட்டை மாற்றினீர்களா, புது கிரிப் ரப்பர் போட்டீர்களா? ரப்பர் அரை மில்லிமீட்டர் உரசினாலே போதும், கிரிப் கடைசி ஒரு டிகிரிக்குத் திரும்பாமல் நின்றுவிடும், ஈசியுவோ நீங்கள் லேசாக ரேஸ் கொடுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளும். முறுக்கி விடுங்கள், டக்கென்று தானாக மூட வேண்டும், ஸ்டீயரிங் இடதுபக்கம், நேர், வலதுபக்கம் என்று மூன்று நிலையிலும்.

படி 2: பேட்டரி

இந்த வண்டிகளில் பேட்டரி பலவீனமானால் முதலில் அடிவாங்குவது ஐடில்தான். மோட்டார், பம்ப், இன்ஜெக்டர் மூன்றும் அதே கரன்ட்டைத்தான் நம்பியிருக்கின்றன. சாதாரண மல்டிமீட்டர் போதும். ஒரு இரவு நிறுத்திவைத்த வண்டியில் 12.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது, 12.2 என்றால் பாதிதான் சார்ஜ் இருக்கிறது. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். இன்ஜின் ஓடும்போது கொஞ்சம் ரேஸ் கொடுத்துப் பார்த்தால் 13.8-இல் இருந்து 14.5-க்குள் நிற்க வேண்டும். இதைவிட முக்கியமானது ஐடிலில், ஃபேனும் ஹெட்லைட்டும் ஓடும்போது எவ்வளவு என்பது. ஃபாக் லேம்ப், போன் சார்ஜர் என்று கூடுதலாக மாட்டியிருந்தால் அவற்றையெல்லாம் கழற்றிவிட்டு ஒரு தடவை பாருங்கள். பேட்டரி டெர்மினல் நட்டும் ஃபிரேமுக்குப் போகும் எர்த் வயரும் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறிகள்தான் வரும்.

படி 3: சாவியைப் போட்டுக் காது கொடுங்கள்

அமைதியான இடத்தில் சாவியை ஆன் செய்தால் பம்ப் இரண்டு மூன்று நொடி ஓடும் சத்தத்தோடு த்ராட்டில் பாடியில் இருந்து "ஸ்ஸ்ட்" என்று ஒரு சின்ன சத்தம் பல வண்டிகளில் கேட்கும். பட்டர்ஃப்ளை மூடித் திறந்து தன் எல்லையைச் சரிபார்க்கும் சத்தம் அது. அது முடிவதற்குள் செல்ஃப் பட்டனை அழுத்துவதும், சாவி போடும்போதே ஆக்சிலேட்டரைப் பிடித்திருப்பதும் கெட்ட பழக்கங்கள். எப்போதும் கேட்கிற சத்தம் கேட்கவில்லை, அல்லது கரகரவென்று இழுத்தால் மோட்டார் கனெக்டரையும் உள்ளிருக்கும் பல்சக்கரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் கழற்ற வேண்டாம்.

படி 4: ஈசியு பதிந்து வைத்த கோளாறு கோடைப் படியுங்கள், பிறகு ஓடும் எண்களைப் படியுங்கள்

2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதிகள் வந்த பிறகு, சீட்டுக்கு அடியில் ஒரு டயக்னாஸ்டிக் கனெக்டர் இருப்பது வழக்கமாகிவிட்டது. 6 பின் கனெக்டருக்கு ஒரு மாற்றி கேபிளும், காருக்குப் போடும் ப்ளூடூத் ஸ்கேனரும் வாங்கினால் பல வண்டிகளில் போனிலேயே படிக்கலாம். லைட் எரியாவிட்டாலும் படியுங்கள், பழைய கோடு உள்ளே தூங்கிக்கொண்டிருக்கலாம்.

பி0506 என்றால் ஐடில் எதிர்பார்த்ததைவிடக் குறைவு, பி0507 என்றால் கூடுதல். இவை இரண்டும் நோயின் பெயரில்லை, காய்ச்சல் இருக்கிறது என்று மட்டும் சொல்பவை. பி2135 த்ராட்டில் பாடியில் உள்ள இரண்டு சிக்னல்களும் ஒத்துப்போகவில்லை என்கிறது, பி2138 கிரிப்பில் உள்ள இரண்டும் ஒத்துப்போகவில்லை என்கிறது. பி2101 மோட்டார் சர்க்யூட். பி2111, பி2112 இரண்டும் பட்டர்ஃப்ளை சிக்கிக்கொண்டது பற்றியவை, முதலாவது திறந்த நிலையில், இரண்டாவது மூடிய நிலையில். இந்த ஐந்தில் எது வந்தாலும் நேராக 8-ஆவது படிக்குப் போங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று நெரிசலுக்குள் போகாதீர்கள், ஆக்சிலேட்டர் சம்பந்தப்பட்ட விஷயம் இது.

கோடு எதுவும் இல்லாவிட்டால்தான் ஓடும் எண்கள், அதாவது சென்சர்கள் அந்த நொடியில் சொல்லும் அளவுகள், கைகொடுக்கும். இன்ஜின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது, இன்டேக் காற்றின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: சென்னையில் சுமார் 101 கிலோ பாஸ்கல், 2,200 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கும் ஊட்டியில் சுமார் 77. சென்னையிலேயே 85 காட்டினால் அந்த சென்சரை நம்ப முடியாது. (மலை ஏறிய பிறகு மட்டும் ஐடில் கெடுகிறது என்றால் முதலில் சாவியை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள், வெளிக்காற்றின் அழுத்தத்துக்கென்று தனி பாரோ சென்சர் இல்லாத வண்டிகள் பல சாவி போடும் நேரத்தில்தான் வெளி அழுத்தத்தைப் படித்துக்கொள்கின்றன.) விடியற்காலையில் கூலன்ட் வெப்பமும் காற்றின் வெப்பமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். கூலன்ட் மைனஸ் 40 காட்டினால் வயர் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.

இப்போது ஸ்டார்ட் செய்து முழுதாகச் சூடாக விட்டு, பட்டர்ஃப்ளை திறப்பு எத்தனை சதவீதம் என்று பாருங்கள். உங்கள் மாடலே வைத்திருக்கும் நண்பர் யாராவது இருந்தால் அவர் வண்டியிலும் இதே எண்ணைப் படித்துவிடுங்கள், எந்த மேனுவலையும்விட அது உதவும். ஆர்பிஎம் சரியாக இருந்தும் திறப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால் காற்று போகும் வழியில் அழுக்கு, அல்லது கம்ப்ரஷன் குறைவு, அல்லது கூடுதல் எலக்ட்ரிக்கல் லோடு. குறைவாக இருந்தால் காற்று வேறு எங்கிருந்தோ உள்ளே வருகிறது, ஈசியு அதை ஈடுகட்டக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறது. ஆர்பிஎம் ஊசலாடும்போது எது முதலில் அசைகிறது என்பதையும் கவனியுங்கள். பட்டர்ஃப்ளை முதலில் அசைந்து ஆர்பிஎம் பின்தொடர்ந்தால் சென்சர் அல்லது த்ராட்டில் பாடிப் பக்கம். ஆர்பிஎம் முதலில் விழுந்து பட்டர்ஃப்ளை காப்பாற்ற ஓடிவந்தால் பிளக், பெட்ரோல், வால்வ் பக்கம். ஸ்கேனர் மெதுவாகப் படிப்பதாக இருந்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது, அப்போது திறப்பு எண்ணை மட்டும் நம்புங்கள்.

படி 5: காற்று கசிவு

என் பைக்கில் இந்தப் பிரச்சினை வந்தபோது சூடான பிறகு 1,300-க்கும் 2,000-க்கும் நடுவே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிடம் பார்த்துவிட்டு த்ராட்டில் பாடியை மாற்றச் சொன்னார்கள். சொன்ன விலையைக் கேட்டு இரவு தூக்கம் வரவில்லை. திறப்பு எண்ணைப் பார்த்தபோது அது நண்பர் வண்டியில் இருந்ததைவிட நன்றாகவே குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை டேங்கைத் தூக்கிவிட்டுப் பார்த்தேன், இன்டேக் ரப்பரின் அடிப்பக்கம், கண்ணுக்கு நேராகத் தெரியாத இடத்தில், நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. இன்ஜின் சூட்டில் அது விரியும், குளிர்ந்தால் மூடிக்கொள்ளும். புது ரப்பரும் ஒரு கிளாம்பும் போட்டதோடு சரியாகிவிட்டது. அதனால்தான் இந்தப் படியை அவசரப்படாமல் செய்யச் சொல்கிறேன்.

பார்க்க வேண்டிய இடங்கள்: த்ராட்டில் பாடிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே உள்ள ரப்பர், அதன் கிளாம்ப், மேப் சென்சருக்குப் போகும் மெல்லிய ஹோஸ், பிஎஸ்6 வண்டிகளில் பெட்ரோல் ஆவியைப் பிடித்துவைக்கும் கேனிஸ்டரில் இருந்து வரும் பர்ஜ் ஹோஸ். டேங்க்கைக் கழற்றி மாட்டும்போது இந்தக் கடைசி ஹோஸ் நழுவிவிடுவது சகஜம். இன்ஜின் ஓடும்போது சோப்புத் தண்ணீரை ஸ்ப்ரே பாட்டிலில் எடுத்து ஒவ்வொரு இணைப்பிலும் மெதுவாக அடியுங்கள், கனெக்டர்களில் படாமல். ஓட்டை இருந்தால் தண்ணீர் அதை ஒரு கணம் அடைக்கும், ஆர்பிஎம்மோ திறப்பு எண்ணோ மாறும். கார்ப் கிளீனரை அடித்துப் பார்ப்பார்கள் பலர். சூடான சைலன்சருக்குப் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வேண்டாம். வெடிப்பைத் தேட ரப்பரைக் கையால் மடக்கிப் பார்ப்பதுதான் நிச்சயமான வழி. இன்னொன்று, மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு இதைச் செய்யாதீர்கள்.

படி 6: த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்தல், பிறகு கற்றுக்கொள்ள விடுதல்

திறப்பு எண் கூடுதலாக இருந்தால் இது உங்களுக்கு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிய பிறகுதான் கை வைக்க வேண்டும். சாவி ஆனில் இருக்கும்போது விரலை உள்ளே விட்டால் மோட்டார் விரலை நசுக்கும். பட்டர்ஃப்ளையை வலுக்கட்டாயமாகத் திருப்பினால் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பல்சக்கரம் அடிவாங்கும். த்ராட்டில் பாடி கிளீனரை மெல்லிய துணியில் நனைத்து, பட்டர்ஃப்ளையின் விளிம்பையும் அது உட்காரும் வளையத்தையும் மட்டும் துடையுங்கள். உள்ளே நேராகப் பீய்ச்சினால் ஷாஃப்ட் வழியாக மோட்டார் பக்கம் இறங்கும். பிரஷ், எமரி பேப்பர் எதுவும் வேண்டாம், சில பாடிகளில் விளிம்பில் ஒரு பூச்சு இருக்கும், அது போனால் திரும்ப வராது.

சுத்தம் செய்தபின் ஐடில் முன்பைவிட மோசமாகிவிட்டது என்று பயந்துபோய் வருகிறவர்கள் நிறைய. காரணம் எளிது. அழுக்கு படியப் படிய ஈசியு பட்டர்ஃப்ளையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுதலாகத் திறக்கப் பழகியிருக்கும். நீங்கள் ஒரே நாளில் அழுக்கை எடுத்துவிட்டீர்கள், பழைய பழக்கத்தில் அது அதே அளவு திறக்கிறது, ஆர்பிஎம் எகிறுகிறது. அது திரும்பக் கற்க வேண்டும். சில மாடல்களில் இதைக் கம்பெனியின் டயக்னாஸ்டிக் டூல் வைத்துத்தான் ரீசெட் செய்ய முடியும். பலவற்றில் தானாகவே கற்கும், கேடிஎம்காரர்கள் "15 நிமிட ஐடில்" என்று சொல்வது இதைத்தான்: குளிர்ந்த இன்ஜின், சாவி ஆன், சத்தம் அடங்கும் வரை பொறுத்து ஸ்டார்ட், பிறகு கால் மணி நேரம் ஆக்சிலேட்டரைத் தொடாமல் விடுதல். முறை மாடலுக்கு மாடல் மாறும், உங்கள் மேனுவல் சொல்வதுதான் கடைசி வார்த்தை. கூலன்ட் அளவை முதலில் பார்த்துவிடுங்கள், ஃபேன் வருகிறதா என்று பக்கத்திலேயே நில்லுங்கள். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினாலே எல்லாம் அழிந்துவிடும் என்று நம்பாதீர்கள், பல ஈசியுக்கள் கற்றதைக் கரன்ட் இல்லாமலும் ஞாபகம் வைத்திருக்கும்.

கசிவை அடைக்காமல் இந்த ரீசெட்டைச் செய்தால் ஈசியு கோளாறையே சரி என்று கற்றுக்கொள்ளும். அதனால்தான் 5-ஐ முன்னால் வைத்தேன்.

படி 7: பிளக், பெட்ரோல், வால்வ்

இவை எல்லா வண்டிக்கும் பொது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிளக் பழசானால் ஐடிலில்தான் முதலில் மிஸ்ஸிங் தெரியும். ஏர் ஃபில்டரைப் பாருங்கள். வண்டி மழைக்காலத்தில் மாதக்கணக்கில் நின்றிருந்தால் டேங்கில் இருக்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுத்திருக்கும், தண்ணீர் அளவு கூடினால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் முதலில் உறிஞ்சுவது அதைத்தான். ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள், இரண்டு அடுக்காகத் தெரிந்தால் முழுதாக வடித்துவிடுங்கள்.

குளிர்ந்திருக்கும்போது அருமையாக நின்று, சூடானதும் ஆஃப் ஆகி, உடனே ஸ்டார்ட் ஆக அடம்பிடித்தால் வால்வ் கிளியரன்ஸை, அதாவது வால்வுக்கு விட்டிருக்கும் நூலிழை இடைவெளியை, அளக்கச் சொல்லுங்கள். இறுகிப்போன வால்வ் சூட்டில் முழுதாக மூடாது, கம்ப்ரஷன் கசியும். இறுகிய வால்வ் சத்தம் போடாது, அதனால் சத்தமே இல்லை என்பதை வைத்துத் தள்ளிவிடாதீர்கள். ஆர்பிஎம் தடுமாறாமல் ஸ்விட்சை அணைத்தது போல ஆஃப் ஆனால், அது ஐடில் பிரச்சினையே அல்ல, சைடு ஸ்டாண்டு ஸ்விட்சும் கிளட்ச் ஸ்விட்சும் சந்தேகத்துக்கு உரியவை.

படி 8: கனெக்டர், சென்சர், கடைசியில் த்ராட்டில் பாடி

பிரஷர் வாஷ் செய்த அடுத்த நாள் தொடங்கியதா? கிரிப்பில் இருந்து வரும் கனெக்டரைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் அடித்து, காயவிட்டு, டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாகத் தடவி மாட்டுங்கள். ஸ்டீயரிங் கழுத்தில் வயர் மடங்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் கோளாறு வந்தால் பெரும்பாலும் அங்கேதான்.

பிறகு மல்டிமீட்டர். சென்சருக்கு 5 வோல்ட் வருகிறதா, எர்த் சரியா என்று பாருங்கள். கிரிப்பை மூடிய நிலையில் இருந்து மெதுவாகத் திறக்கும்போது இரண்டு சிக்னலும் தாவல் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சில மாடல்களில் இரண்டும் சேர்ந்து ஏறும், சிலவற்றில் ஒன்று ஏற மற்றது இறங்கும். எப்படியிருந்தாலும் நடுவில் ஒரு இடத்தில் எண் குதித்தால் சென்சர் தேய்ந்திருக்கிறது. வயரை ஊசியால் குத்திப் பார்க்காதீர்கள், அந்த ஓட்டை வழியாக அடுத்த மழையில் தண்ணீர் இறங்கும். கனெக்டரின் பின்பக்கமாக மெல்லிய பின்னை நுழைத்து அளக்கலாம்.

கனெக்டர் சுத்தம், 5 வோல்ட் வருகிறது, மோட்டார் வரை வயர் முழுசாக இருக்கிறது, அப்படியும் பி2135 அல்லது பி2101 திரும்பத் திரும்ப வருகிறது என்றால் மட்டும் த்ராட்டில் பாடியை மாற்றுங்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குவதாக இருந்தால் பார்ட் நம்பர் ஒரு எழுத்துக்கூட மாறாமல் பார்த்து வாங்குங்கள், வெளித்தோற்றம் ஒன்றாக இருந்தாலும் உள்ளே சென்சரின் அளவீடு வேறாக இருக்கலாம். மாட்டியவுடன் ஓட்டிப் போகாமல் 6-இல் சொன்ன கற்றல் முறையை முடியுங்கள். முதலில் கூட்டமில்லாத தெருவில், கை கில் ஸ்விட்ச் பக்கத்தில் இருக்க, இரண்டு ரவுண்டு போய் வாருங்கள். பிறகு இன்ஜின் சூடாக இருக்கும்போதே பட்டர்ஃப்ளை திறப்பு, மேப், வோல்ட்டேஜ், ஆர்பிஎம் நான்கையும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த தடவை ஒப்பிட்டுப் பார்க்க நண்பரின் வண்டியைத் தேட வேண்டியிருக்காது.